துணியில் தைத்த அக்டோபர்

வீட்டில் ஒரு பிறந்தநாள், காகிதத்தில் ஒரு பிறந்தநாள் என்று வளர்ந்த என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு. நம் தலைமுறையில் மே மாதத்திலும் ஜூன் முதல் வாரத்திலும் ஏன் இத்தனை பேர் பிறந்தோம் என்று நம் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று வயது நிரம்பியிருக்க வேண்டுமே, அதனால் பிறந்தோம். ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்று அப்பாக்கள் நினைத்தார்கள், அட்மிஷன் எழுதிய கிளார்க்கும் நினைத்தார், நாம் பிறந்துவிட்டோம்.

எனக்கு இது நடந்தது திருச்சியில். நான் உண்மையில் பிறந்தது அக்டோபர் பத்தொன்பது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது மே பத்து என்று எழுதிக்கொண்டார்கள். "அஞ்சு மாசம்தானே சார், யாரு கேக்கப் போறாங்க" என்று ஆபீஸில் சொன்னார்களாம். அப்பாவும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த மே பத்து பிறகு பாஸ்போர்ட்டில் ஏறியது, விசாவில் ஏறியது, எங்களோடு விமானம் ஏறி நியூ ஜெர்சிக்கும் வந்து சேர்ந்தது. யாரு கேக்கப் போறாங்க என்றவர் திருச்சியிலேயே நின்றுவிட்டார்.

உண்மையான தேதி ஒரே ஒரு இடத்தில் இருந்தது. எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில். அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. "சாமிகிட்ட கரெக்டாதான் குடுத்திருக்கோம். கவர்மென்ட்ல எழுதினதுதான் தப்பு" என்பாள். நியூ ஜெர்சியின் எடிசனில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டின் இரண்டாம் மாடியில், ஒவ்வோர் அக்டோபர் பத்தொன்பதும் சாயங்காலம் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அம்மா கேசரி கிளறுவாள். அதன்மேல் ஒரு மெழுகுவத்தி. ஹேப்பி பர்த்டேவை மூன்று பேரும் கிட்டத்தட்ட மூச்சுக்காற்றில் பாடுவோம். கேசரி வாசம் படிக்கட்டு வரைக்கும் போகுமே, கீழ்வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டால் என்ன சொல்வது என்பது அப்பாவின் கவலை. கீழ்வீட்டில் இருந்தது வயதான போலந்துத் தம்பதி. கேசரி என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் கவலை கவலைதான்.

நான் நான்காம் வகுப்பில் இருந்த வருஷம் கிரீன் கார்டு மனு கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்தக் குளிர்காலமும் அதற்கடுத்த வசந்தமும் எங்கள் வீட்டில் எல்லாமே பயத்தோடுதான் நடந்தன. போன் அடித்தால் நான் எடுக்கக் கூடாது. தபால் பெட்டியை அப்பா மட்டும்தான் திறப்பார். வக்கீல் கேட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று நகல். என் பிறப்பு ஊரில் பதிவாகவே இல்லை என்பதால், நான் மே பத்தாம் தேதி பிறந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று பெரியப்பாவும் இன்னொரு உறவினரும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். காலையில் எனக்குச் சடை பின்னும்போது அம்மா கேள்வி கேட்பாள்.

"வென் இஸ் யுவர் பர்த்டே?"

"மே டென்."

"யோசிக்காம சொல்லணும்டி. யோசிச்சா கண்டுபிடிச்சிருவாங்க."

சீப்பை அழுத்தி வாருவாள், நான் மறுபடியும் மே டென் என்பேன். தேங்காய் எண்ணெய் வாசமும் அந்தக் கேள்வியும் எனக்குள் இன்றைக்கும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. இப்போதுகூட டாக்டர் கிளினிக்கில் பிறந்த தேதி கேட்டால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

அந்த வருஷம்தான் என்னைப் பங்குப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். நான்காம் வகுப்பு டீச்சர் உயரமானவர். எப்போதும் ஒரே சாம்பல் நிற கார்டிகன், அதன் கைகளில் சாக்பீஸ் தூள். அவருக்கு ஒரு பித்து இருந்தது. ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெண் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன படித்தார்கள் என்பதில் பித்து. வசந்த காலம் வந்தால் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வகுப்பறை அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளியாகிவிடும். பையன்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பி வேறொரு டீச்சர் கப்பல் கணக்குப் போடச் சொல்வார். எங்களுக்கு வெள்ளை ஏப்ரன், சிலேட்டு, பேசக் கூடாது என்ற சட்டம்.

அந்தப் பெண்களின் ஒரு நாளை டீச்சர் வாசித்துக் காட்டுவார். விடியுமுன் மணி அடிக்கும். கிண்ணத்துத் தண்ணீர் மேலே உறைந்திருந்தால் உடைத்துத்தான் முகம் கழுவ வேண்டும். கஞ்சி. ஜெபம். நாடுகளின் தலைநகரங்களை எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்க வேண்டும். முதுகு வளையாமல் இருக்கத் தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கைக்குட்டைக்கு ஓரம் தைக்க வேண்டும். சாயங்காலம் இரண்டிரண்டு பேராக வரிசையில் நடை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம், அதைத் தலைமை ஆசிரியை படித்துத் திருத்திய பிறகுதான் தபாலில் போகும். புத்தகம் தலையில் நிற்காமல் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திருத்துவார்கள் என்றதும் எனக்கு அந்தப் பெண்கள்மேல் பாவமாகிவிட்டது. நம் வீட்டுக் காகிதங்களையும் எங்கேயோ யாரோ இப்படித்தான் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் கொடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை அடுப்படியில் நின்றபடி விரல் வைத்துப் படித்தாள். பாதியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய், இது எங்க போர்டிங்டி! இருநூறு வருஷத்துக்கு முன்னாடின்னா போட்டிருக்காங்க? நான் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இப்படித்தான் இருந்தேன். மணி, கஞ்சி, ஜெபம், ரெண்டு ரெண்டு பேரா வாக்கிங். லெட்டர எங்க சிஸ்டர் படிச்சிட்டுத்தான் ஒட்டுவாங்க. 'சாப்பாடு நல்லா இல்ல'ன்னு எழுதினா அத அடிச்சிட்டு 'நலமாயிருக்கிறேன்'னு எழுத வெப்பாங்க."

"தலைல புக்கு?"

"வேதாகமம்! கீழ விழுந்தா பாவம்னு பயத்துலயே நேரா நடப்போம். ஐஸ் மட்டும்தான் இல்ல."

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. திருச்சியில் பாங்கில் வேலை பார்த்தவள். இங்கே அவள் விசாவுக்கு வேலைக்குப் போகக் கூடாது. அப்பா காலை ரயிலுக்குப் போய், நானும் பள்ளிக்குப் போன பிறகு, அந்த இரண்டு அறைகளில் ரேடியேட்டர் சத்தத்தோடு தனியாக இருப்பாள். அந்த வசந்தத்தில் வெள்ளிக்கிழமைகளுக்காக என்னைவிட அவள்தான் காத்திருந்தாள். பஸ் நிறுத்தத்துக்கே வந்து நிற்பாள். "இன்னிக்கு என்ன பண்ணச் சொன்னாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. தலையில் டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு கூடத்தில் எனக்கு நடந்து காட்டினாள். விழவே இல்லை.

ஏப்ரலில் டீச்சர் எல்லோருக்கும் ஒரு சதுரத் துணி கொடுத்தார். சாம்ப்ளர் தைக்க வேண்டும். எழுத்துகள், எண்கள், ஒரு வீடு, ஒரு மரம், கீழே பெயர், பிறந்த நாள். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வேறு சான்றிதழ் கிடையாது, இந்தத் துணிதான் சான்றிதழ் என்றார். ஊசியால் எழுதியதை மைபோல அழிக்க முடியாது, அதனால் ஒரு பெண் துணியில் பொய் எழுத மாட்டாள் என்றும் சொன்னார். இது அவராகவே சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். ஒன்பது வயதில் எனக்கு அது வேதவாக்காக இருந்தது.

அம்மாவுக்கு இந்தத் தையல் அத்துப்படி. போர்டிங்கில் அவளுடைய துணிகள் எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் நாற்பத்தேழு என்று அவளே தைத்திருக்கிறாள், அதுதான் அவள் நம்பர். கிராஃப் தாள் வாங்கி வந்து, ஒவ்வொரு கட்டத்திலும் சின்னப் பெருக்கல் குறி போட்டு, எனக்கு மாதிரி வரைந்து கொடுத்தாள். மூன்று நாள் மத்தியானம் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுத்துகள், எண்கள், ஓட்டுக் கூரை போட்ட ஒரு வீடு, தென்னை மாதிரி இருந்த ஒரு மரம். இங்கிலாந்தில் தென்னை ஏது என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்டி" என்றாள். கடைசி வரியில் என் பெயர். அதன் கீழ் அக்டோபர் பத்தொன்பது, வருஷத்தோடு.

அது கைதவறி வந்தது. சந்தோஷத்தில் வந்தது. மூன்று நாளாக அவள் எடிசனில் இல்லை, போர்டிங்கில் இருந்தாள். அங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

நான் கவனித்தேன். முதல் தடவை பார்த்ததுமே கவனித்தேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் "தேதி தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழித்துவிடுவாளே. அம்மாவே வரைந்திருக்கிறாள், அப்படியென்றால் துணியில் மட்டும் சொல்லலாம் போலிருக்கிறது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சிவப்பு நூலில் அக்டோபரைத் தைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதன்முறையாக என் பிறந்தநாளைச் சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

ஏப்ரல் கடைசியில் பெற்றோர்கள் வந்து பார்க்கும் சாயங்காலம். எல்லாச் சாம்ப்ளர்களையும் அட்டையில் பின் குத்தித் தாழ்வாரத்தில் மாட்டியிருந்தார்கள். அப்பா ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னுடையதின் முன் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். பக்கத்தில் நின்ற வேறொரு பெண்ணின் அம்மாவிடம் "வெரி நைஸ், வெரி நைஸ்" என்று சிரித்தார். அப்புறம் குனிந்து, சிரிப்பு மாறாமலே என்னிடம் கேட்டார்.

"தேதி யாரு குடுத்தா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்போதுதான் துணியைப் பார்த்தாள். கை வாய்க்குப் போயிற்று.

காரில் அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசினார்.

"ஊர்ல அண்ணன் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. இப்ப பொண்ணே வேற தேதி எழுதி வெச்சிருக்கா. ஒருத்தர் பாத்தா போதும். ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் பொய் சொன்ன மாதிரி ஆகிடும்."

"ஸ்கூல்ல யாரு கவனிக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

"இதேதான் திருச்சியிலயும் சொன்னாங்க."

"நம்மள திருப்பி அனுப்பிடுவாங்களாப்பா?" என்று நான் கேட்டேன்.

"சீட் பெல்ட் போடு" என்றார் அப்பா.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாழ்வாரத்தில் கோட்டுப் போட்ட யார் நடந்தாலும் என் துணியைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர்கூட அதன் முன் நின்றார். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும், எல்லோரும் போன பிறகு, துணியைப் பின்னிலிருந்து எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் துணி மாட்டும் அலமாரிக்குள், ஷூக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவின் சின்னக் கத்தரியால் அக்டோபரைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் அதற்கு ஏழு எழுத்து. மே என்பதற்கு மூன்றுதான். மீதி இடத்தில் இரண்டு செடி தைத்தேன். பத்தொன்பதில் ஒன்றை அப்படியே விட்டு, ஒன்பதைப் பிரித்துப் பூஜ்யமாக்கினேன். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது, தையல் பெட்டியில் இருந்த வேறொரு சிவப்பை எடுத்தேன். பழைய ஓட்டைகள் மூடவில்லை. நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

அந்த இரண்டு நாளும் அம்மா கத்தரியைத் தேடவில்லை. தினமும் கையில் எடுக்கிற கத்தரி அது. அப்போது அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் யாரும் வருமுன் துணியைத் திரும்ப மாட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டீச்சர் என்னிடம் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். அப்பா அதை நின்றபடியே பிரித்தார். பிறந்த தேதி தொடர்பாகப் பேச வேண்டும், வியாழக்கிழமை நான்கு மணிக்கு வர முடியுமா என்று எழுதியிருந்தது. அப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். துணியை மாற்றியது நான்தான் என்று அப்போது சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக இருந்தது, அவர் பயந்திருந்தார். அப்பாக்களும் பயப்படுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை அப்பா அரைநாள் லீவு போட்டார். இன்டர்வியூவுக்கு என்று வைத்திருந்த கோட்டுச் சூட்டைப் போட்டுக்கொண்டு, கிரீன் கார்டு ஃபைல் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வகுப்பறையில் எங்களுக்குக் குட்டி நாற்காலிகள். அப்பாவின் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் அன்பாகத்தான் பேசினார். அதுதான் பெரிய ஆபத்தாக இருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பில் பத்து வயது நிரம்பியவர்களுக்குப் பின் பெஞ்சு, அவர்கள்தான் மே கடைசி வெள்ளிக்கிழமை விருந்தில் டீ ஊற்றுவார்கள். அதற்கு ஆசைப்பட்டு இவள் தன் வயதைக் கூட்டித் தைத்துவிட்டாள் என்று முதலில் நினைத்தாராம். ஆனால் ஆபீஸில் பார்த்தால் அங்கேயும் மே பத்து என்றுதான் இருக்கிறது. அப்படியானால் முதலில் தைத்த அக்டோபர் எங்கிருந்து வந்தது? பள்ளிப் பதிவில்தான் தவறு என்றால் கவலையே வேண்டாம், ஊருக்கு எழுதிச் சான்றிதழ் வரவழைத்துத் திருத்திவிடலாம், அந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்றார்.

ஊருக்கு எழுதுவது என்றால் அது ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் போய் நிற்கும். அப்பாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்ததைப் பார்த்தேன்.

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து கிராஃப் தாளை எடுத்தார். என் மேஜைக்குள் இருந்ததாம். அதை விரித்து அம்மாவின் பக்கம் திருப்பினார். எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறது, பெரியவர் கை மாதிரி தெரிகிறது, இதை நீங்கள் வரைந்தீர்களா என்று கேட்டார்.

அம்மா தாளைப் பார்த்தாள். தென்னை மரம், ஓட்டு வீடு, கட்டம் கட்டமாக அவள் போட்ட பெருக்கல் குறிகள்.

"நோ," என்றாள். "நோ, நோ. ஷீ ட்ரூ இட். ஷீ ஒன்லி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கிருந்து எனக்கு அந்தப் பேச்சு வந்தது என்று தெரியாது. எனக்கு அக்டோபர் பிடிக்கும், வாசலில் எல்லாம் பூசணிக்காய் வைப்பார்கள், மேயில் ஒன்றுமே இல்லை, அதனால் நானே அக்டோபரில் பிறந்ததாக வைத்துக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் சரளமாகச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. யோசித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா சத்தமாகச் சிரித்தார், தேவைக்கு மேலேயே சிரித்தார். டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, துணியில் பொய் தைத்தது வருத்தமாக இருக்கிறது என்றார். ஊருக்குக் கடிதம் எழுதும் பேச்சு அதோடு போயிற்று.

காரில் ஏறியதும் அப்பா பின்னால் திரும்பி என் கையைப் பிடித்தார். "தேங்க்ஸ்மா" என்றார். அப்பா எனக்கு அதுவரை தேங்க்ஸ் சொன்னதே கிடையாது. குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. அம்மா முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து எனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்தாள், நிறைய வைத்தாள். பெருமையோடு சாப்பிட ஆரம்பித்தேன், பாதியில் எழுந்துவிட்டேன்.

மே கடைசி வெள்ளிக்கிழமை விருந்துக்கு அம்மாக்கள் வந்தார்கள். காகிதப்படி எனக்குப் பத்து வயது ஆகியிருந்தது. ஆனாலும் தண்டனையாக முன் பெஞ்சில், சின்னவர்களோடு, வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மற்ற பெண்கள் பீங்கான் கெட்டிலைச் சாய்த்து டீ ஊற்றினார்கள். சுவரில் என் சாம்ப்ளர் இல்லை, பழுப்பு உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பிறகு வீடு மாறியதில் அது எங்கேயோ போய்விட்டது. என் அம்மா கடைசி வரிசையில், மடியில் கைப்பையோடு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். கெட்டிலோடு வந்த பெண்ணிடம் டீ வேண்டாம் என்றாள்.

அந்த வருஷம் அக்டோபரில் கேசரி இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை.

கிரீன் கார்டு இன்டர்வியூ நியூவர்க்கில் நடந்தது. முந்தைய இரவு மே டென், மே டென் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தூங்கினேன். அந்த அதிகாரி அப்பாவிடம் வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். அம்மாவிடம் ஒன்று. என்னைப் பார்த்து, உன் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது, விழுந்துவிடாதே என்றார். அவ்வளவுதான். பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். இமிக்ரேஷன் வக்கீலாக இருக்கும் தோழி ஒருத்தியிடம் பிற்பாடு கேட்டேன். நான்காம் வகுப்புப் பெண் தைத்த துணியை யாருடி பார்க்கப் போகிறார்கள் என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.

ஆனால் நண்பர்களே, எனக்கு உள்ளே தைத்துக்கொண்டிருந்தது கிரீன் கார்டு இல்லை. அது வந்தது, பிறகு சிட்டிசன்ஷிப்பும் வந்தது. அம்மா சொன்ன அந்த "நோ" என்னோடேயே இருந்தது. கல்யாணத்தன்று இருந்தது. பிரசவத்துக்கு அவள் வந்து மூன்று மாதம் என்னைப் பார்த்துக்கொண்டபோதும் இருந்தது. அவள் எனக்கு எது செய்தாலும், எங்கேயோ ஒரு மூலையில், தேவைப்பட்டால் இவள் என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு நினைப்பு. எவ்வளவு அநியாயமான நினைப்பு என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அம்மா இப்போது எங்களோடு சான்டா கிளாராவில் இருக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். ரேடியோ இல்லை, டிவி இல்லை. நான் திடீரென்று கேட்டுவிட்டேன். கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"அந்த கிராஃப் பேப்பர நீ வரையலன்னு ஏம்மா சொன்ன?"

எந்த கிராஃப் பேப்பர் என்று அவள் கேட்கவில்லை. ஒரு பீன்ஸின் நாரை மெதுவாக உரித்து முடித்தாள்.

"குழந்த எழுதினா கதைன்னு விட்டுடுவாங்க. பெத்தவ எழுதினா அது சாட்சி ஆயிடும். அதனாலதான்."

"ஓ."

"அப்படின்னு அப்புறமா யோசிச்சு வெச்சிக்கிட்டேன்." அவள் பீன்ஸைக் கீழே வைத்தாள். "அப்ப ஒண்ணும் யோசிக்கல. அந்தம்மா பேப்பர நீட்டினதும் பயந்துட்டேன். என்ன விட்டா போதும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

நான் நறுக்குவதை நிறுத்தினேன். அம்மாவே மறுபடி கேட்டாள்.

"நீ அப்பவே கேட்டிருக்கலாம்ல? இத்தன வருஷம் மனசுலயே வெச்சிக்கிட்டு இருந்தியா?"

"கேட்டா மறுபடியும் நான் வரையலன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா."

அம்மாவின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் கார் சாவியைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அத்தை, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? எனிதிங் ராங்?"

அம்மா எழுந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவர் ஏதோ விசாரிக்க வந்த ஆள் போல, அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அது நான் வரைஞ்சது, மாப்பிள்ள. இவ இல்ல. நான்தான் வரைஞ்சேன்."